நரம்பும் தந்தியும் கம்பியும்



கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில், லோயர் கேம்ப் என்னும் சிற்றூர் இருக்கிறது. மேலே 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை. கீழே 1958-இல் மின்னாக்கத்தைத் தொடங்கிய மின்நிலையம். இடையே மலைச்சரிவில் இறங்கிவரும் பெரிய இரும்புக் குழாய்கள். பணி ஓய்வுபெற்ற பழைய தலைமையாசிரியனாகிய நான் அவ்வூரில் வாழ்பவன். இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது; ஓர் இசைக்கருவியில் கட்டப்படும் கம்பி. சிறிய பொருளைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அதனை அறியாமையால் நான் செய்த பிழையொன்று உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இப்பள்ளத்தாக்கின் ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். அன்பர் ஒருவர் பழைய கிதார் ஒன்றைப் பள்ளிக்கு நன்கொடையாகத் தந்தார். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதனைத் தானாகவே பழகி, நன்றாக வாசிக்கலானான். ஆண்டு விழா நெருங்கிற்று. அதன் கம்பிகளோ தேய்ந்து போயிருந்தன. "சார், எந்தக் கம்பி வாங்கட்டும்?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "கம்பி என்றால் எஃகுக் கம்பிதான் தம்பி, நல்ல கெட்டியானதாகப் பார்த்து வாங்கு" என்றேன். வாங்கினான், கட்டினான். விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, பெட்டியின்மேல் கம்பிகளைத் தாங்கியிருந்த கட்டை, மேற்பலகையின் ஒரு சிம்போடு பெயர்ந்து வந்துவிட்டது. "நான்தான் அதிகமாக முறுக்கிவிட்டேன், சார்" என்று அவன் தலைகுனிந்தான். நானும் அவ்வாறே எண்ணி, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். பிழை அவனுடையதன்று என்பது பிற்காலத்தில் கற்றபோதுதான் எனக்கு விளங்கிற்று. அங்ஙனம் கற்றவற்றையே இப்பொழுது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

இசைக்கருவியில் கட்டும் இழைக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்கி வந்துள்ளன: நரம்பு, தந்தி, கம்பி. இம்மூன்று சொற்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இழையின் வரலாறே கண்முன் தோன்றும்.

முதலில் நரம்பு. யாழில் கட்டிய இழையைப் பண்டைத் தமிழர் நரம்பு என்றே அழைத்தனர். உயிரின் உடலில் உள்ள பொருளுக்கும் இசைக்கருவியின் இழைக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயலன்று. உலகெங்கும் பழங்காலத்து இசைநரம்புகள் பெரும்பாலும் விலங்கின் உடலிலிருந்தே பெறப்பட்டன. ஆட்டின் குடலைக் கழுவி, கொழுப்பை வழித்து, இழைகளாக்கி, முறுக்கி, இழுத்துக் காயவைத்து, மெருகிட்டு நரம்பு செய்தனர். தொல்காப்பியர் எழுத்துகள் தம் அளவிற் கடந்து ஒலிப்பதைக் கூறுமிடத்தில், இசை நூலை நரம்பின் பெயராலேயே சுட்டுகிறார். இசை என்றாலே நரம்பு என்னும் அளவுக்கு அஃது ஓங்கியிருந்தது.

யாழ், வீணையைப் போன்று மெட்டுகள் உடைய கருவியன்று. வில்லைப் போல் வளைந்த கோடுடையது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். ஆகையால் நரம்பு பலவாக வேண்டியிருந்தது. பேரியாழுக்கு 21 நரம்பு. செங்கோட்டி யாழுக்கு 7 நரம்பு. இத்தனை நரம்புகளில் ஒன்று தீயதாயினும் பண் கெடும். எனவே நல்ல நரம்பைத் தேர்ந்தெடுப்பது தமிழ்நாட்டில் ஒரு கலையாகவே வளர்ந்தது.

கரிகாற்சோழனைப் பாடிய பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வருணிக்கிறார். குற்றம் நீங்கிய நரம்புக்கு அவர் சொல்லும் உவமை, ஆராய்ந்து குற்றிய தினையரிசி. நம் மலைச்சரிவுகளில் தினை விளைந்ததைக் கண்ட முதியோர்க்கு இவ்வுவமையின் நயம் விளங்கும். உமி நீங்கிய தினை கைக்கு வழவழப்பாக இருக்கும். ஒரு மணிக்கும் மறு மணிக்கும் வேறுபாடு தெரியாது. நல்ல நரம்புக்கும் அதுவே இலக்கணம்.

பிற்கால இசைநூலார் நரம்பின் பகையென நான்கு குற்றங்களை வகுத்தனர்: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. புரி ஒழுங்காக அமையாமல் கோணியிருப்பது கொடும்புரி. நரம்பினூடே மயிர் கலந்திருப்பது இரண்டாவது குற்றம். இழை பிரிந்து தும்பாக நிற்பது மூன்றாவது. அளவுக்கு மீறி முறுக்கேறி நிற்பது நான்காவது. சீவக சிந்தாமணியில் சீவகனும் காந்தருவதத்தையும் யாழில் போட்டியிடும் பகுதியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கொடுத்த யாழைச் சீவகன் உடனே வாசித்துவிடவில்லை. நீரில் நின்ற மரம், வாள் வெட்டுண்ட மரம், இடியுண்ட மரம் எனக் குற்றங்கண்டு பல யாழ்களை ஒதுக்குகிறான். நரம்பின் குற்றத்தையும் ஆராய்கிறான். வெல்லும் கலைஞனுக்கு முதல் வேலை கருவியை ஆராய்வதே என்று திருத்தக்கதேவர் நமக்குக் காட்டுகிறார். சிலப்பதிகாரமும் கானல்வரியில் மாதவி யாழை இசைப்பதற்கு முன்னர்ச் செய்யும் தொழில்களைச் சொல்லுமிடத்து, பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல் என்பவற்றையே முதலில் வைக்கிறது. சுருதி சேர்த்தலும், நரம்பைத் தடவிப் பார்த்தலும், ஆராய்தலும் முடிந்த பின்னரே பாட்டு.

அடுத்து வருவது தந்தி. இடைக்காலத்தில் யாழ் மெல்ல வழக்கொழிந்தது, வீணை ஓங்கிற்று. 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், 24 மெட்டுகள் உடைய இன்றைய வீணை உருப்பெற்றது என்பர் இசை வரலாற்றறிஞர். இப்பொழுது ஒரே இழையில் விரலை வைக்கும் இடத்தை மாற்றிப் பல சுரங்களைப் பெறலாம். எனவே 21 நரம்பு தேவையில்லை. வாசிப்பதற்கு நான்கும், தாளத்துக்கும் சுருதிக்கும் மூன்றுமாக ஏழே போதும். வீணையின் மேல்சுரத் தந்திகள் எஃகு. கீழ்ச்சுரத் தந்திகள் பித்தளை அல்லது வெண்கலம். குடலின் இடத்தை உலோகம் பிடித்துக்கொண்டது. தந்தி என்னும் சொல்லும் அதனோடு வந்தது. பிறகு மின்சாரத்தால் செய்தி அனுப்பும் முறை வந்தபோது, அக்கம்பிவழிச் செய்திக்கும் நம்மவர் தந்தி என்றே பெயரிட்டனர். இந்தியாவில் 2013-இல் தந்திச் சேவை நின்றுவிட்டது; வீணையின் தந்தி இன்னும் ஒலிக்கிறது.

யாழ் மறைந்தமையால் அதன் இலக்கணமும் மறைந்து போகவிருந்தது. அதனை மீட்டவர் ஈழத்து மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலாநந்த அடிகள். அவர் தமிழ்ப் புலவர் மட்டுமல்லர். அறிவியலும் கணிதமும் கற்றவர். பழம்பாடல்களில் சிதறிக் கிடந்த குறிப்புகளைக் கூட்டி, நரம்புகளின் சுர அளவுகளைக் கணக்கிட்டு, 'யாழ் நூல்' என்னும் பெருநூலை இயற்றினார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947-இல் அதனை வெளியிட்டது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். நரம்பின் ஓசையைக் கணக்கால் அளக்கலாம் என்பதற்கு அந்நூல் சான்று.

அக்கணக்கு யாது? கிரேக்க நாட்டுப் பிதாகரசு பெயரால் வழங்கும் பழைய உண்மை ஒன்று: இழையின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல்தாயியில் ஒலிக்கும், மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம் பிறக்கும். பிரான்சு நாட்டுத் துறவியான மெர்சேன் 1636-இல் வெளியிட்ட நூலில் இதனை முழுமையாக்கினார். இழையின் அதிர்வு மூன்றைப் பொறுத்தது: நீளம், இழுவிசை, எடை. ஒரு தாயி உயர வேண்டுமாயின் நீளத்தைப் பாதியாக்கலாம்; அல்லது இழுவிசையை நான்கு மடங்காக்கலாம்; அல்லது அதே நீளத்தின் எடையைக் கால் பங்காக்கலாம். கலிலியோவும் இதனை ஆராய்ந்தார். அவர் தந்தையார் ஓர் இசைக்கலைஞர். இழையில் எடை கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தவர்.

இந்த விதியைக் கிதாரில் பொருத்திப் பாருங்கள். உங்கள் இயற்பியல் பாடம் உயிர்பெறும். கிதாரில் ஆறு கம்பிகள். முதற்கம்பி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 330 முறை அதிரும். ஆறாங்கம்பி ஏறத்தாழ 82 முறை. அஃதாவது நான்கில் ஒரு பங்கு. ஆறுக்கும் நீளம் ஒன்றே. இழுவிசையும் ஏறத்தாழ ஒத்திருந்தால்தான் கைக்கு இதமாக இருக்கும். அப்படியானால் ஆறாங்கம்பி முதற்கம்பியைப் போல் 16 மடங்கு எடையுடையதாக வேண்டும். ஒரே உலோகமாயின் விட்டம் 4 மடங்காக வேண்டும். ஆனால் அத்தனை தடித்த கம்பி இரும்புக் கழிபோல் விறைத்து நிற்கும், நன்றாக ஒலிக்காது. இந்தச் சிக்கலுக்கு 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வழி கண்டனர். மெல்லிய நடுநரம்பின்மேல் நுண்ணிய உலோகக் கம்பியைச் சுருளாகச் சுற்றினர். எடை கூடிற்று, விறைப்புக் கூடவில்லை. இன்று கிதாரின் தடித்த கம்பிகளில் நீங்கள் காணும் சுற்று அதுவே.

கிதார் என்பது ஸ்பெயின் நாட்டில் வளர்ந்த கருவி. 19-ஆம் நூற்றாண்டில் அந்தோனியோ டி டோரஸ் என்னும் கைவினைஞர் அதற்கு இன்றைய செவ்வியல் வடிவத்தை அளித்தார். அக்காலத்தில் அதற்கும் ஆட்டுக்குடல் நரம்பே. இரண்டாம் உலகப் போரின்போது, புண் தைக்கும் இழைக்காக அக்குடல் மருத்துவமனைகளுக்கு வேண்டியதாயிற்று. இசைவாணர்க்கு நரம்பு கிடைக்கவில்லை. 1938-இல் அறிமுகமான நைலான் கைகொடுத்தது. நியூயார்க்கில் இருந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் கைவினைஞர், ஸ்பெயினின் பெருங்கலைஞர் செகோவியாவின் ஊக்கத்தால், 1940-களில் நைலானைக் கிதார் நரம்பாக்கினார். செவ்வியல் கிதாருக்கு நைலான் வந்த கதை இது.

மற்றொரு கிளை அமெரிக்காவில் தழைத்தது. ஜெர்மனியிலிருந்து 1833-இல் அங்குக் குடியேறிய மார்ட்டின் என்பாரின் மரபினர், 1920-களில் எஃகுக் கம்பிக்கென்றே உறுதியான கிதார்களைச் செய்யலாயினர். எஃகுக் கம்பியின் இழுப்பைத் தாங்க மேற்பலகையின் உட்புறத்தில் வலிய சட்டங்களை வைத்தனர். கம்பி என்னும் மூன்றாம் பெயருக்கு உரியது இக்கிளையே.

இப்பொழுது என் பிழை உங்களுக்கு விளங்கும். நைலான் ஆறும் சேர்ந்து கிதாரை இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோகிராம் எடைக்கு ஒப்பானது. எஃகுக் கம்பிகள் ஆறும் இழுப்பதோ ஏறத்தாழ 70 கிலோகிராம். எங்கள் பள்ளிக்கு வந்தது நைலான் கிதார். எங்கள் ஊர் மலைக்குழாயைப் பாருங்கள். நீரின் அழுத்தத்திற்கு ஏற்பவே இரும்பின் தடிப்பு அமைகிறது. கருவி தாங்கும் விசையை அறியாமல் கம்பியைத் தேர்ந்தது என் குற்றம். மாணவன் முறுக்கியது சுருதிக்கு மேல் ஒரு சிறிதும் அதிகமன்று.

ஆகவே கம்பி வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது கருவியின் வகை. கட்டையில் கம்பியின் முனையை முடிச்சிட்டுக் கட்டும் துளைகள் இருந்தால் அது நைலானுக்குரியது. கம்பியின் குமிழ் முனையைத் துளையில் இறக்கிச் சிறு முளையால் அடைப்பதாயின் அது பெரும்பாலும் எஃகுக்குரியது. ஐயமிருந்தால் அறிந்தவரைக் கேளுங்கள், கேட்பதில் இழிவில்லை.

இரண்டாவது, தடிப்பு. கடையில் 10, 11, 12, 13 என்று எண் சொல்லுவர். அது முதற்கம்பியின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்பதாகும். 12 என்றால் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். விரல் பழகாத தொடக்கநிலை மாணவர்க்கு 10 அல்லது 11 போதும். தடித்தது ஓங்கி ஒலிக்கும். ஆனால் விரலையும் கருவியையும் வருத்தும். மூன்றாவது, உலோகம். செம்பு 80 பங்கு, துத்தநாகம் 20 பங்கு கலந்த சுற்றுக்கம்பி, புதிதில் பளிச்சென்று ஒலிக்கும், விரைவில் மங்கும். செம்போடு வெள்ளீயமும் சிறிது பாஸ்பரமும் கலந்தது சற்றுக் கனிந்த ஒலியுடையது. சற்று நீடித்தும் உழைக்கும். மிக மெல்லிய பூச்சிட்ட கம்பிகளும் இன்று கிடைக்கின்றன. விலை கூடியவை, நெடுநாள் உழைப்பவை.

இனிப் பேணும் முறை. கம்பிக்குப் பகை மூன்று: வியர்வை, ஈரம், அழுக்கு. எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலை கடந்து ஈரக்காற்று வீசும்; ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும். எஃகில் துரு ஏற அதுவே போதும். எனவே வாசிக்குமுன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும், அடிப்புறம் உட்படத் துடையுங்கள். கருவியை ஈரச்சுவரில் சாய்க்காமலும், வெயிலில் வைக்காமலும் உறையில் இடுங்கள். துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவுவோர் உண்டு. அது வேண்டா. சுற்றுக்கம்பியின் இடுக்குகளில் எண்ணெயும் தூசும் சேர்ந்து ஒலியை அமுக்கிவிடும்.

அழுக்கு ஏன் ஒலியைக் கெடுக்கிறது? கம்பி முழுவதும் எடை ஒரே சீராக இருந்தால்தான், அது தன் பாதியிலும் மூன்றிலொரு பங்கிலும் நான்கிலொரு பங்கிலும் ஒழுங்காக அதிர்ந்து, இனிய மேற்சுரங்களைத் தரும். ஓரிடத்தில் அழுக்கோ துருவோ சேர்ந்தால் அச்சீர் குலையும். சுருதியும் நில்லாது. நம் முன்னோர் சொன்ன நான்கு குற்றங்களை இங்கே மீண்டும் நினையுங்கள். கோணிய புரியும், கலந்த மயிரும், பிரிந்த தும்பும் எடையின் சீரைக் கெடுப்பவை. மிகுந்த முறுக்கு விறைப்பைக் கூட்டுவது. மெர்சேன் கணக்கால் கண்டதைப் பாணர் விரலாலும் செவியாலும் கண்டிருந்தனர். நம் திருச்சியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், வீணையும் தம்புராவும் வளைந்த குதிரைமேல் தந்தியைத் தாங்குவதால் மேற்சுரம் செழிக்கிறது என்பதை 1921-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். தம்புராவின் தந்திக்கடியில் இடும் ஜீவாளி நூலின் பெருமையும் அவ்வாராய்ச்சியால் விளங்கும். பாணன் விரலும் அறிவியலார் கணக்கும் சந்திக்கும் இடம் இதுவே.

நிறம் மங்கி, விரலுக்குச் சொரசொரப்பாகி, சுருதி நில்லாது போனால் கம்பியை மாற்றும் காலம் வந்ததென்று அறிக. முறுக்காணியில் இரண்டு மூன்று சுற்று போதும். கீழிருந்து மேலாக மெல்லச் சுருதி ஏற்றுங்கள். மாற்றும்போது முகத்தைக் கருவிக்கு மிக நெருக்கமாகக் கொண்டு போகாதீர்கள். அறுந்த எஃகுக் கம்பி கண்ணுக்குக் கேடு.

இவ்வளவும் ஒரு பொழுதுபோக்குக்காகவா என்று எண்ணாதீர்கள். இதே பள்ளத்தாக்கின் மலையடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த ஓர் இளைஞர், தம் அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகச் சென்று இசைத்துவிட்டு, 1968-இல் சென்னை சென்றார். தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, செவ்வியல் கிதாரில் இலண்டன் டிரினிட்டிக் கல்லூரித் தேர்வில் தேறினார். 1976-இல் 'அன்னக்கிளி' படத்தால் நாடறிந்தார். 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். அவரே இளையராஜா. நம்மூர்ப் பிள்ளையின் கைக்கு எட்டிய ஆறு கம்பிகள் எவ்வளவு தொலைவு கொண்டு செல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

என் மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அவன் என் வீட்டுக்கு வந்தான். மணமாகி, ஒரு பெண்குழந்தைக்குத் தந்தையாகியிருந்தான். "இன்னும் வாசிக்கிறாயா, தம்பி?" என்றேன். "இல்லை சார். என் கை முரட்டுக் கை. அன்றே தெரிந்துவிட்டதே" என்றான். அந்தச் சொல் என்னைச் சுட்டது. அன்றைய பிழை என்னுடையது என்பதையும், நைலானுக்கும் எஃகுக்கும் உள்ள வேறுபாட்டையும் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பின்னர், "அப்படியானால் நான் உடைக்கவில்லையா, சார்?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

அடுத்த முறை வந்தபோது அவன் கையில் ஒரு கிதார் இருந்தது. மகளுக்கென்று வாங்கியதாம். கட்டையைத் திருப்பிக் காட்டி, "நைலான்தான் சார், சரியா?" என்றான். சரி என்றேன்.

மாணவர்களே! தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஆசிரியனும் கற்கவேண்டும். கருவி தாங்கும் அளவறிந்து கம்பி கட்டுங்கள்.